பட்டியலில் இல்லாத சோடியம்

திரையின் ஓரத்தில் ஒரு சிறிய கட்டம். அதைத் தொட்டால் லித்தியம் வருகிறது. விரல் போகும் இடமெல்லாம் கொட்டுகிறது; எவ்வளவு வேண்டுமானாலும் கொட்டும். ‘தி பவுடர் டாய்’ என்ற இந்தக் கணினி விளையாட்டை 2008 வாக்கில் ஸ்தானிஸ்லாவ் ஸ்கோவ்ரோனெக் என்பவர் தொடங்கினார். பிறகு பல நாடுகளில் இருக்கும் நிரலாளர்கள் சம்பளம் எதிர்பாராமல் அதை வளர்த்தெடுத்தார்கள். வெற்றி தோல்வி கிடையாது, எதிரி கிடையாது, மதிப்பெண் கிடையாது. 612 புள்ளி அகலம், 384 புள்ளி உயரம் கொண்ட ஒரு கறுப்பு வெளி. அதில் மணல், தண்ணீர், இரும்பு, தீ, அமிலம், யுரேனியம் என்று எதை வேண்டுமானாலும் தூவிவிட்டு என்ன நடக்கிறது என்று பார்க்கலாம். ஒவ்வொரு துகளுக்கும் தனித்தனி வெப்பநிலை உண்டு, காற்றழுத்தம் உண்டு, மின்சாரம் பாயும் பாதை உண்டு. லித்தியத்துக்கு அந்த உலகில் இரண்டு குணங்கள். மின்பொறியை ஊட்டினால் அதைத் தனக்குள் சேர்த்து வைத்துக்கொள்ளும். தண்ணீர் பட்டால் வெடிக்கும். மின்கலமும் வெடிமருந்தும் ஒரே துகளுக்குள் இருக்கின்றன.

வெடிப்பில் சங்கடப்பட எதுவும் இல்லை. பிள்ளைகள் வெடியை விரும்பித்தான் பார்ப்பார்கள். திரையில் வெடிப்பது யாருடைய கையையும் சுடுவதில்லை. மனதை உறுத்துவது வெடிப்பதற்கு முந்தைய கணம். அந்த லித்தியம் எங்கிருந்து வந்தது? எந்தப் பாறையை உடைத்து, எந்த உவர்நீரைக் காயவைத்து, எவ்வளவு மின்சாரம் செலவழித்து எடுத்தது? விளையாட்டில் அந்தக் கேள்விக்கு இடமே இல்லை. பட்டியலில் பெயர் இருக்கிறது, ஆகவே பொருளும் இருக்கிறது. நீர் பட்டதும் தீயாகிச் சிதறும் ஒரு பொருள், கடைசி வரை கணக்கில்லாத இலவசப் பொருளாகவே வந்து இலவசமாகவே அழிகிறது. கேட்பதற்குச் சின்ன விஷயமாகத்தான் படும். ஆனால் கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரியைத் தாண்டி வடக்கே வந்து, மரக்காணத்தின் உப்பளங்கள் சாலையோரம் விரியத் தொடங்கும்போது, இந்தச் சின்ன விஷயம் பெரிதாகிவிடுகிறது.

அங்கே பாத்திகள் கண்ணுக்கு எட்டும் தூரம் வரை போகின்றன. விழுப்புரம் மாவட்டத்தின் இந்தக் கரையில், கழுவெளி ஏரிக்கும் கடலுக்கும் நடுவிலான உவர்நிலத்தில், தை மாசி தொடங்கி மழை வரும்வரை உப்பு விளைகிறது. சிறுபாணாற்றுப்படை பேசும் எயிற்பட்டினம் இதுதான் என்று சொல்வோர் உண்டு. பழமையைப் பேசி இங்கே நேரத்தைப் போக்க வேண்டியதில்லை. ஒரு பாத்தியின் ஓரமாகக் குந்தி உட்கார்ந்து பார்த்தாலே போதும். உப்புநீரை மோட்டாரால் இறைத்து முதல் பாத்தியில் நிறுத்தும்போது, நீரின் அடர்த்தியைக் காட்டும் பாமே அளவுகோலில் மூன்று டிகிரி சுமாருக்கு இருக்கும் கடல்நீர், பாத்தி பாத்தியாக மாறி மாறி வெயிலில் காய்ந்து இறுகிக்கொண்டே வரும். தொழிலாளர் பேச்சில் எல்லாமே டிகிரிதான். பதிமூன்று பதினான்கைத் தாண்டும்போது ஜிப்சம் படியும். இருபத்து நான்கு, இருபத்தைந்தில் உப்புப் பூக்கும். முதலில் நீரின் மேல் ஒரு மெல்லிய ஆடை தெரியும். உற்றுப் பார்த்தால் அது ஆடை இல்லை, சின்னஞ்சிறு தலைகீழ்க் கூம்புகள். நான்கு பக்கமும் படிப்படியாக இறங்கும் விளிம்புகள், நடுவில் குழி, நீரின் மேற்பரப்பு இழுவிசையால் மிதந்துகொண்டிருக்கும். காற்று சற்றே அசைத்தால் ஒவ்வொன்றாக மூழ்கும். அடியில் போய்ச் சேர்ந்து, ஒன்றின் மேல் ஒன்று வளர்ந்து, காலில் குத்தும் கல்லுப்பாகும். டிகிரி முப்பதை நெருங்கவிடக் கூடாது. விட்டால் மெக்னீசியம் சேர்ந்து உப்பு கசக்கும். அந்த நேரத்தில் நீரை வெளியேற்றிப் புது நீர் விட வேண்டும். இவ்வளவும் கண்ணாலும் காலாலும் தெரிந்துகொள்ளும் வேலை.

அந்தக் கூம்பில் பாதிக்குப் பாதி சோடியம். அணுக்களை எண்ணினால் சரிபாதி. எடைபோட்டால் நூற்றுக்கு முப்பத்தொன்பது பங்கு. மீதி குளோரின். சோடியம் தண்ணீரில் விழுந்தால் வெடிக்கும், குளோரின் மூச்சுக்குழாயை அரிக்கும் நச்சு வாயு. முதல் உலகப் போரில், 1915 ஏப்ரலில், பெல்ஜியத்தின் ஈப்ர் அருகே பதுங்குகுழிகளில் கிடந்தவர்கள் மேல் ஜெர்மன் படை திறந்துவிட்டது இந்தக் குளோரினைத்தான். இரண்டும் சேர்ந்து, ஒருத்தி வெறுங்காலோடு நின்று பலகையால் வாரிக் கரையேற்றும் பொருளாக இருக்கின்றன. பள்ளிக்கூடத்து வேதியியல் ஆசிரியர்கள் எல்லோரும் சொல்லும் அதிசயம் இது. அதிசயத்தோடு நின்றுவிடுவதால்தான் அடுத்த கேள்வி வராமல் போகிறது. இந்த அமைதி எங்கிருந்து வந்தது?

சோடியமும் குளோரினும் சேரும்போது தங்களிடம் இருந்த ஆற்றலின் பெரும்பகுதியை வெளியே விட்டுவிட்டுத்தான் உப்பாகின்றன. உப்பு என்பது தீர்ந்துபோன கணக்கு. அதை மறுபடி பிரிக்க வேண்டுமென்றால், விட்ட ஆற்றலைத் திருப்பிக் கட்ட வேண்டும். 1807இல் லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் ஹம்ஃப்ரி டேவி அதைத்தான் மின்சாரத்தால் கட்டினார். உருக்கிய பொட்டாஷில் மின்கல அடுக்கிலிருந்து மின்சாரத்தைச் செலுத்தியபோது வெள்ளித் துளிகள் போலப் பொட்டாசியம் எழுந்து, எழுந்ததுமே பற்றிக்கொண்டது. மகிழ்ச்சியில் அவர் அறையெங்கும் துள்ளிக் குதித்தார் என்று உடனிருந்த உறவினர் எட்மண்ட் டேவி சொல்லியிருக்கிறார். அடுத்த சில நாட்களில் காஸ்டிக் சோடாவிலிருந்து சோடியம் வந்தது. மனிதர் முதன்முதலாகக் கண்ட சோடிய உலோகம் மின்சாரத்தின் குழந்தை. இன்றும் அப்படித்தான். 1924இல் வந்த டவுன்ஸ் கலம் என்ற ஏற்பாட்டில், உப்போடு கால்சியம் குளோரைடு கலந்து 600 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் உருக்கி, அதனூடே மின்சாரம் விடுகிறார்கள். ஒரு பக்கம் சோடியம், மறு பக்கம் குளோரின்.

கணக்கை மின்கட்டண அட்டையின் யூனிட்டில் சொன்னால் எல்லோருக்கும் புரியும். ஒரு கிலோ சோடியத்துக்கு இரண்டரைக் கிலோ உப்பு வேண்டும். அதைப் பிரிக்க இயற்கை கேட்கும் கட்டாயத் தொகை 5 யூனிட். தொழிற்சாலையில் வெப்பமாகவும் கசிவாகவும் போவதையும் சேர்த்தால் சுமார் 10 யூனிட். அந்த ஒரு கிலோவைத் தண்ணீரில் போட்டால் வெளிவரும் ஆற்றல் 2 யூனிட்டுக்குச் சற்று மேல். எழும் ஹைட்ரஜனும் எரிந்து தீர்ந்தால் ஏறக்குறைய 4 யூனிட். பத்து கட்டியதில் நான்கு திரும்பி வருகிறது, அதுவும் ஒரே நொடியில். நாம் வெடிப்பு என்று சொல்வது இந்த அவசரமான திருப்பித் தரலைத்தான். சோடியத்துக்குப் பிறவிக் கோபம் எதுவும் கிடையாது. அதற்குள் இருப்பது எங்கோ ஓர் அனல் மின்நிலையத்தில் நிலக்கரியை எரித்தோ, ஓர் அணைக்கட்டில் தண்ணீரை விழச்செய்தோ ஏற்றி வைத்த மின்சாரம். சிறையிருந்த மின்சாரம் தண்ணீரைக் கண்டதும் வெளியே வருகிறது.

இதை வெறும் பேச்சு அலங்காரமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சோடியமும் பொட்டாசியமும் தண்ணீரில் ஏன் வெடிக்கின்றன என்பதற்கு நீண்ட காலமாகச் சொல்லப்பட்ட விடை, ஹைட்ரஜன் எழுகிறது, சூட்டில் பற்றிக்கொள்கிறது என்பது. அதில் ஓர் ஓட்டை இருந்தது. உலோகம் தண்ணீரைத் தொட்டதும் ஹைட்ரஜனும் நீராவியும் சேர்ந்து இரண்டுக்கும் நடுவே ஒரு மெத்தையாக நிற்க வேண்டும். அப்படி நின்றால் வினை அடங்கிவிட வேண்டும், வெடிக்கக் கூடாது. 2015இல் செக் அறிவியல் கழகத்தைச் சேர்ந்த பாவெல் யுங்விர்த், பிலிப் மேசன் குழுவினர் சோடியமும் பொட்டாசியமும் கலந்த திரவ உலோகத் துளியைத் தண்ணீரில் விழவிட்டு அதிவேகக் கேமராவால் படம்பிடித்தார்கள். தொட்டு ஒரு மில்லி நொடியில் பாதிகூட ஆகுமுன், வாயு எதுவும் பற்றிக்கொள்வதற்கு முன்னதாகவே, துளியிலிருந்து முட்கள் சீறிப் புறப்பட்டன. மேற்பரப்பில் இருந்த அணுக்கள் தங்கள் எலக்ட்ரான்களைத் தண்ணீருக்குள் கொட்டிவிடுகின்றன. எஞ்சியவை எல்லாம் நேர்மின்னேற்றம் கொண்டவை. ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு சிதறுகின்றன. அந்தச் சிதறல் புதுப்புது உலோகப் பரப்பைத் தண்ணீருக்குக் காட்டுவதால் மெத்தை நிலைப்பதற்கு நேரமே இல்லை. வெடிப்பின் முதல் கணம் தீயினால் நடப்பதில்லை, மின்விலக்கத்தால் நடக்கிறது. நேச்சர் கெமிஸ்ட்ரி இதழில் அந்த ஆய்வு வெளிவந்தது. இருநூறு ஆண்டுகளாக வகுப்பறையில் செய்துகாட்டிய ஒரு சோதனையின் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிய இவ்வளவு காலம் ஆகியிருக்கிறது.

பவுடர் டாயின் பட்டியலில் சோடியம் இல்லை. அதன் உறவுக்காரர்கள் இருக்கிறார்கள்: தனிம அட்டவணையில் மேலே இருக்கும் லித்தியம், கீழே இருக்கும் ரூபிடியம். ரூபிடியம் மின்சாரத்தைக் கடத்தும், சீக்கிரம் உருகும், தண்ணீர் பட்டால் அந்தத் தண்ணீர்த் துகளே தீத்துகளாக மாறிவிடும். உப்பு இருக்கிறது, தண்ணீரில் கரைந்து உப்புநீராகும், அந்த நீர் மின்சாரத்தைக் கடத்தும், லேசில் உறையாது. காய்ச்சி வடித்த நீர் கடத்தாது. இரும்பின் அருகே உப்பு இருந்தால் துருப்பிடிக்கும். இவை சின்னச் சின்ன உண்மைகள். எழுதியவர்களின் நேர்மைக்குச் சாட்சி. இன்னும் ஒன்று உண்டு. இரும்பில் மின்பொறியை ஓட்டி அதைத் தண்ணீரில் முக்கினால் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் எழுகின்றன, ஒன்றுக்கு இரண்டு என்ற சரியான விகிதத்தில். பள்ளியில் மின்னாற்பகுப்பை மனப்பாடம் செய்த பிள்ளைக்கு இதைக் கண்ணால் பார்ப்பது எவ்வளவு பெரிய சந்தோஷம்! ஆனால் அதே இரும்பை உப்புநீரில் முக்கினாலும் அதே இரண்டு வாயுக்கள்தான் வருகின்றன. அங்கே உலகம் விலகிப் போகிறது. நிஜத்தில் உப்புநீரில் மின்சாரம் பாய்ந்தால் நேர்முனையில் குளோரின் எழும், எதிர்முனையில் ஹைட்ரஜன் எழும், நீரில் காஸ்டிக் சோடா தங்கும். திரையில் உருக்கிய உப்பும் எத்தனை மின்சாரம் பாய்ச்சினாலும் உப்பாகவே இருக்கிறது.

அந்தக் குளோரினை இந்த மாநிலம் நன்றாக அறியும். 1934இல் மேட்டூர் அணை எழுந்தது; 1936இல் அங்கே மேட்டூர் கெமிக்கல்ஸ் நிறுவப்பட்டது. உப்புநீரில் மின்சாரம் விட்டுக் காஸ்டிக் சோடாவும் குளோரினும் எடுக்கும் தொழில் அது. அதைத் தன்னோடு இணைத்துக்கொண்ட கெம்பிளாஸ்ட் நிறுவனத்துக்கு வேதாரண்யத்தில் உப்பளங்கள் உண்டு. 1930இல் ராஜாஜி தலைமையில் தொண்டர்கள் நடந்துபோய் உப்பள்ளிய அதே வேதாரண்யம். தெற்கே சாகுபுரத்தில் டி.சி.டபிள்யூ. ஆலை. சோப்பு, காகிதம், துணி வெளுப்பு, குடிநீர்த் தொட்டியில் போடும் குளோரின், பி.வி.சி. குழாய் எல்லாவற்றுக்கும் வேர் உப்பளத்தில் இருக்கிறது, வழி மின்சாரத்தில் இருக்கிறது. ஒரு டன் காஸ்டிக் சோடாவுக்கு 2,000 யூனிட்டுக்கும் மேல் மின்சாரம் போகிறது. மரக்காணத்தில் வெயில் இலவசமாகக் காய்ச்சிக் கொடுத்த பொருளைப் பிரிப்பதற்கு இத்தனை விலை.

ஒரு பாதியை மட்டும் கேட்டு வாங்க முடியாது என்பதுதான் இதன் கடினமான பாடம். காஸ்டிக் சோடா வேண்டுமென்றால் குளோரினும் வரும். அதற்கும் ஓர் இடம் பார்க்க வேண்டும். சோடியம் வேண்டுமென்றாலும் குளோரின் வரும். தனித்து எடுத்த எந்தப் பொருளுக்கும் பின்னால் தனித்து விடப்பட்ட இன்னொரு பொருள் காத்திருக்கிறது. விளையாட்டின் பட்டியல் இந்த ஜோடியைப் பிரித்துவிடுகிறது. ஒவ்வொரு தனிமமும் தனக்கென்று ஒரு கட்டத்தில், உறவும் கடனும் இல்லாமல் உட்கார்ந்திருக்கிறது. குழந்தை அங்கே கற்றுக்கொள்வது விளைவு. விலையைக் கற்பிக்க அங்கே யாரும் இல்லை.

மரக்காணத்திலிருந்து வடக்கே கடற்கரையோடு சுமார் 50 கிலோமீட்டர் போனால் கல்பாக்கம். அங்கே இருக்கும் முன்மாதிரி அதிவேக ஈனுலைக்கு வெப்பத்தை எடுத்துச் செல்வது திரவச் சோடியம், சுமார் 1,750 டன். அதற்கு முந்தைய சோதனை ஈனுலை 1985 அக்டோபர் 18 அன்று தொடர்வினையைத் தொட்டது. அதிலும் சோடியம்தான் ஓடுகிறது. இந்தச் சோடியத்துக்கும் மரக்காணம் உப்புக்கும் கொடுக்கல் வாங்கல் இருப்பதாகச் சொல்ல வரவில்லை. ஒரே கரையில், ஒரு பேருந்துப் பயண தூரத்தில், ஒரே தனிமம் இரண்டு நிலைகளில் இருக்கிறது என்பதே போதுமான செய்தி. இங்கே அது வெட்டவெளியில் மழைக்கும் வெயிலுக்கும் விட்ட குவியல். நாய்கூட அதன் மேல் ஏறி நடக்கும். அங்கே அது காற்றும் தண்ணீரும் தொடாதபடி, ஆர்கான் வாயுவின் போர்வைக்கடியில், 500 டிகிரிக்கு மேல் சூடேறி ஓடும் வெள்ளி நிறத் திரவம். நீராவி உண்டாக்கும் கலத்தில் சோடியத்துக்கும் தண்ணீருக்கும் நடுவே நிற்பது இரண்டு மில்லிமீட்டருக்குச் சற்றே தடித்த எஃகுக் குழாய்ச் சுவர். அந்தச் சுவரின் பற்றவைப்பு ஒவ்வொன்றும் படம்பிடித்துச் சோதிக்கப்படுவது அந்தக் கடனுக்குக் கட்டும் வட்டி.

சோடியத்தை எதற்காகத் தேர்ந்தார்கள் என்பதற்கும் நியாயமான காரணம் உண்டு. 98 டிகிரியில் உருகும், 883 டிகிரி வரை கொதிக்காது, வெப்பத்தைச் சிறப்பாகக் கடத்தும், நியூட்ரான்களின் வேகத்தைப் பெரிதாகக் குறைக்காது. அழுத்தம் கொடுக்காமலேயே ஓடும். பொறியியலாளர் ஒருவரின் கண்ணுக்கு அழகான திரவம். ஜப்பானின் மோன்ஜு உலையில் 1995 டிசம்பர் 8 அன்று வெப்பமானி பொருத்திய இடத்தில் விரிசல் விழுந்து சில நூறு கிலோ சோடியம் கசிந்து எரிந்தது. யாரும் இறக்கவில்லை, கதிரியக்கமும் வெளியேறவில்லை. ஆனால் அந்த உலை அதன் பிறகு 2010இல் சிறிது காலம் மட்டுமே இயங்கியது. 2016இல் மூடிவிட முடிவெடுத்தார்கள். ரஷ்யாவின் பி.என்.-600 உலையோ பல கசிவுகளைக் கண்ட பிறகும் 1980 முதல் மின்சாரம் தந்துகொண்டிருக்கிறது. கல்பாக்கத்தில் கட்டுமானம் தொடங்கிய ஆண்டிலேயே, 2004 டிசம்பர் 26 அன்று, அடித்தளத்துக்காகத் தோண்டிய பள்ளத்துக்குள் ஆழிப்பேரலை புகுந்தது. சோடியம் வந்து சேருவதற்குப் பல ஆண்டுகள் முன்னால் கடல் வந்து பார்த்துவிட்டுப் போனது. அச்சுறுத்துவதற்காகவும் இல்லை, புகழ்வதற்காகவும் இல்லை. விலை என்றால் என்ன என்று காட்டவே இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. இருபது ஆண்டு உழைப்பு, பல்லாயிரம் மனிதர்களின் கவனம், ஒவ்வொரு நாளும் காவல். ஒரு கட்டத்தைத் தொட்டால் வருவது இல்லை அது.

விளையாட்டின் லித்தியத்துக்கு நிஜத்தில் இருக்கும் வீடு நம் சட்டைப்பையும் வீட்டுத் திண்ணையும்தான். 1991இல் சோனி முதன்முதலாகக் கடைக்குக் கொண்டுவந்த லித்தியம் அயனி மின்கலம் இன்று கைபேசியில், மடிக்கணினியில், மின் ஸ்கூட்டரில் இருக்கிறது. இதில் லித்தியம் உலோகமாக இருப்பதில்லை. தண்ணீர் தெறித்ததும் திரையில் போல வெடிப்பதில்லை. ஆபத்து வேறு வழியாக வருகிறது. உள்ளே குறுக்குச்சுற்று ஏற்பட்டால் சூடு சூட்டை வளர்க்கிறது, எரியக்கூடிய கரைப்பான் ஆவியாகிறது, ஒரு கலத்தில் பற்றிய தீ அடுத்த கலத்துக்குத் தாவுகிறது. 2022 மார்ச்சில் வேலூரில் இரவில் மின்னேற்றம் செய்ய வைத்திருந்த மின் ஸ்கூட்டர் தீப்பிடித்து, புகையில் மூச்சுத்திணறி ஒரு தந்தையும் அவர் மகளும் இறந்தார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவை இயன் புயல் தாக்கியபோது, கடல்நீரில் மூழ்கிய மின்கார்கள் சில, வெள்ளம் வடிந்த பின் எரியத் தொடங்கின. உப்புநீர் மின்சாரத்தைக் கடத்தும் என்று விளையாட்டு ஒரு வரியில் சொல்லும் உண்மை இதுதான். நீர் வடிந்தாலும் உப்பு உள்ளே தங்கி, மின்முனைகளுக்கு நடுவே பாலம் போட்டுவிடுகிறது.

இந்தப் பாலம் மரக்காணம் கரைக்குப் புதிதில்லை. காய்ந்த உப்பு மின்சாரத்தைக் கடத்தாது. பனியில் நனைந்த உப்பு கடத்தும். கடற்கரையோர மின்கம்பங்களில் பீங்கான் கிண்ணங்களின் மேல் கடற்காற்று பூசிவிட்டுப் போகும் உப்புத்தூள், விடியற்காலைப் பனியில் ஈரமாகும்போது அதன் வழியே மின்சாரம் மெல்ல ஊர்ந்து கசியும். சீறும் ஒரு சத்தம் கேட்கும், இருட்டில் நீலப் பொட்டுகள் மின்னும். உப்பளத் தொழிலாளர் வேலைக்கு இறங்கும் நேரமும் அதுதான், வெயில் ஏறுமுன் வாரி முடிக்க வேண்டும் என்பதற்காக. கோடையிலும் ஆடி ஆவணியிலும் மேற்கே கறுத்து மாலையில் இடிமழை வரும். மரமோ மேடோ இல்லாத அந்தச் சமவெளியில், உப்புநீரில் நின்று பலகை பிடித்திருக்கும் மனிதர்தான் உயரமான பொருள். மின்னல் பாயும் பாதையில் காற்று முப்பதாயிரம் டிகிரி சூடேறி வெடித்து விரிகிறது. அந்த வெடிப்பின் ஓசைதான் இடி. பவுடர் டாயிலும் மின்னல் ஒரு தனிமமாக உண்டு, வேண்டிய அளவில் வரையலாம். இங்கே அது வந்தால் ஓடி ஒதுங்க ஒரு கொட்டகை கிட்டத்தில் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. மழை மட்டும் வந்தாலும் இழப்புத்தான்: பூத்த உப்பு கரைந்து போகும், டிகிரி இறங்கிவிடும், எல்லாம் முதலிலிருந்து. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரைகடந்தபோது பக்கத்து மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. மரக்காணத்துப் பாத்திகளும் வரப்புகளும் நீருக்கடியில் போயின. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வேலை இல்லாத மாதங்களுக்குத் தமிழக அரசு உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்குத் தரும் மழைக்கால நிவாரணம் ரூ. 5,000. சங்கப் பாடல்களில் நெல்லுக்கு நேராக மாற்றிக்கொள்ளப்பட்ட பொருளை விளைவிப்பவர்களுக்கு இன்று மூன்று மாதத்துக்கான தொகை அது.

இந்த இடத்தில் ஓர் ஐயம் எழாமல் இல்லை. விளையாட்டில் போய் விலையைத் தேடுவது நியாயமா? விலையைக் கேட்காமல் கொட்டிப் பார்க்க ஓர் இடம் வேண்டும் என்பதற்காகத்தானே பிள்ளைகள் விளையாட்டுக்குள் போகிறார்கள்? மணலில் வீடு கட்டும் குழந்தையிடம் சிமெண்ட் விலை பேசுகிறவர் யாரும் இல்லை. இந்த எதிர்வாதத்தில் உண்மை இருக்கிறது. அரசுப் பள்ளி ஆய்வகத்தில் மண்ணெண்ணெயில் மூழ்கிய சோடியத் துண்டை ஆசிரியர் கடுகளவு நறுக்கி ஒரு முறை போட்டுக் காட்டுவார். நாற்பது தலைகளுக்குப் பின்னால் நிற்பவனுக்கு ‘டப்’ என்ற சத்தம் மட்டும் கேட்கும். அவனுக்குக் கைபேசியில் கிடைக்கும் இந்தக் கறுப்புத் திரை ஒரு பெரிய வரம். எத்தனை முறை வேண்டுமானாலும் போடலாம், தவறலாம், மறுபடி போடலாம். உப்பு கலந்தால் கடத்தும், வடித்த நீர் கடத்தாது என்று அவனே கண்டுபிடித்துக்கொள்வான். அந்தச் சுதந்திரத்தில் கைவைக்கும் எண்ணம் எதற்கும் வேண்டாம்.

ஆனால் சுதந்திரமும் கணக்கும் ஒன்றுக்கொன்று பகை இல்லை. அந்த விளையாட்டை ஆழமாக ஆடுகிறவர்கள் கொட்டிப் பார்ப்பதோடு நிற்பதில்லை. அணுஉலை கட்டுகிறார்கள், கணக்குப் போடும் கணினியையே துகள்களால் அடுக்குகிறார்கள். கடினமானதைச் செய்து முடிப்பதில்தான் அவர்களுக்கு ருசி. பட்டியலிலிருந்து எடுத்த ரூபிடியம் வெடிப்பதை விட, உப்பை உருக்கி, மின்சாரத்தைச் செலுத்தி, நேர்முனையில் எழும் மஞ்சள் பச்சை வாயுவை ஒரு குழாயில் ஒதுக்கி, எதிர்முனையில் மிதக்கும் சோடியத்தைத் தண்ணீர் படாமல் காத்து, கடைசியில் ஒரே ஒரு துளியைத் தண்ணீரில் விடுவது எவ்வளவோ பெரிய விளையாட்டு. அப்போது வெடிக்கும்போது பார்ப்பவனுக்குத் தெரியும், அது தான் ஏற்றிவைத்த மின்சாரம் என்று. வெடித்து முடிந்த நீரில் மிஞ்சும் காரத்தையும், குழாயில் ஒதுக்கிய குளோரினையும் என்ன செய்வது என்ற கேள்வியும் அவனிடமே வந்து நிற்கும். பட்டியலில் சோடியம் இல்லாதது ஒரு குறை என்றால், குளோரின் எழாதது அதைவிடப் பெரிய குறை.

இதைச் சரிசெய்ய யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. பவுடர் டாயின் மூலநிரல் திறந்த நிரல். எவரும் எடுத்துப் படிக்கலாம், மாற்றலாம். லுவா என்ற எளிய மொழியில் சில வரிகள் எழுதினால் புதிய தனிமம் ஒன்றைப் பட்டியலில் சேர்த்துவிடலாம். திண்டிவனத்திலும் விழுப்புரத்திலும் புதுச்சேரியிலும் கணினியும் வேதியியலும் படிக்கும் மாணவர்கள் இதை ஒரு விடுமுறையில் செய்து முடிக்க முடியும். சோடியத்தை எழுதுங்கள், ஆனால் அதைப் பட்டியலில் தொட்டு எடுக்கும் பொருளாக வைக்காதீர்கள். உருகிய உப்பில் மின்சாரம் பாய்ந்தால் மட்டுமே வரும்படி வையுங்கள், வரும்போது குளோரினோடு வரும்படி வையுங்கள். எழுதத் தொடங்கும் முன் ஒரு காலைப்பொழுது மரக்காணம் பேருந்து நிலையத்தில் இறங்கி, பாத்தியில் வேலை செய்கிறவர்களிடம் இன்று எத்தனை டிகிரி என்று கேளுங்கள்.